ஒன்று முதல் ஆறரை வரை

மார்ச் 4

தங்கைக்கு,

செவ்வாய்க்கிழமை மதியம் அத்தானுக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினார்கள். சமூகநலத் துறையிலிருந்து இரண்டு பேர். ஒரு அதிகாரியம்மா, கூட ஒரு ஆண் நர்ஸ். அந்த அம்மா கையில் ஃபைல். ஃபைலுக்குள் உன் கையெழுத்து.

ஜெராக்ஸ் எடுத்திருந்தாலும் எனக்குத் தெரியாதா? இன்னும் 'ழ'வுக்கு வாலை இழுத்துத்தான் போடுகிறாய். அந்த அம்மா எனக்கே படித்துக் காட்டினார்கள். "பராமரிப்பாளர் மதியம் ஒரு மணிக்கு வீட்டை வெளியே பூட்டிவிட்டுச் செல்கிறார். மாலை ஆறரைக்குத் திரும்புகிறார். செல்லும் முன் தண்ணீர் பாட்டிலை எடுத்து, பராமரிக்கப்படுபவரின் கைக்கு எட்டாத மேசையில் வைக்கிறார்." பராமரிப்பாளர் யார் என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே யோசித்தேன்.

பிப்ரவரி லீவில் பத்து நாள் வந்து தங்கினாய். "ஸ்கூல்ல ஒரு அசைன்மென்ட்க்கா, வீட்ல நடக்கிறதைப் பார்த்து எழுதணும்" என்றாய். நீ எடுத்திருக்கும் பாடம் உடல்நலம், சமூகப் பராமரிப்பு என்று எனக்குத் தெரியும். சேர்க்கை ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டவளே நான்தான். அம்மா அப்பா இல்லாத பிள்ளை, ஒரு கைத்தொழில் படித்துக்கொண்டால் நாளைக்கு யாரையும் அண்டி நிற்க வேண்டாம் என்று நினைத்தேன். முதல் பரீட்சையை என் மேலேயே எழுதுவாய் என்று நினைக்கவில்லை. முதல் நாள் பழக்க தோஷத்தில் உன்னையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனேனே, திரும்பி வந்து இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோமே. அதுவும் அந்த ஃபைலில் இருக்கிறது. நாம் சிரித்தது மட்டும் இல்லை.

அவரைத் திருப்பிப் போட்டு முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாம் அழுத்திப் பார்த்தார்கள். ஒரு புண் கிடையாது. அதை நீ எழுதினாயா? போன வருடம் ஒரு ரூபாய் அகலத்துக்கு வந்த படுக்கைப்புண் ஆற நாலு மாதம் ஆனது. ஈரத்தில் கிடந்தால் மறுபடி வரும், அடுத்த தடவை எலும்பு வரை போகும் என்று டாக்டர் சொன்னார். நான் மதியம் ஓடிவந்து மாற்றிவிட்டு ஒரு மணிக்கு ஓட்டல் சலவைக்கூடத்துக்குத் திரும்பினால் ஆறரைக்குத்தான் வர முடியும். நடுவில் மூன்று மணிக்கு யார் வந்து மாற்றுவது? வேலையில் அவர் லிஃப்ட் குழியில் விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. இன்றுவரை என் கையைத் தவிர வேறு கை தன் மேல் படக்கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிறார். தண்ணீர் குறைந்தால் ஈரம் குறையும். ஈரம் குறைந்தால் புண் வராது. நான் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

பத்தொன்பதாம் தேதி திரும்ப வருவார்களாம். அவர் வீட்டில் இருக்கலாமா, பராமரிப்பு இல்லத்துக்கு மாற்ற வேண்டுமா என்று அன்றைக்கு முடிவு செய்வார்களாம்.

ஏப்ரல் லீவுக்கு இங்கே வராதே. ஹாஸ்டலிலேயே இரு. வார்டன் அறையிலிருந்து போன் போட்டாலும் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
பராமரிப்பாளர்


மார்ச் 8

அன்புள்ள அக்கா,

மூன்று தடவை போன் போட்டேன். சொன்ன மாதிரியே நீ எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பெயர் எதுவும் போடவில்லை. திருமதி அ, திரு ஆ என்றுதான் எழுதியிருந்தேன். அப்படித்தான் எழுதச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வகுப்பில் மூன்று பேர் வீட்டுக்கே போகாமல் கற்பனையில் எழுதினார்கள். அதில் ஒருத்தியின் பெரியப்பா ஐந்தாம் பக்கத்தில் இறந்துபோய் ஏழாம் பக்கத்தில் மாத்திரை சாப்பிட்டார். டீச்சர் அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். என் நோட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் இருக்கச் சொன்னார்.

"இது உங்க வீடா?" என்று கேட்டார்.

நானும் கற்பனை என்று சொல்லியிருக்கலாம் அக்கா. வாய் வரைக்கும் வந்தது. டீச்சர் கோபமாகவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "தெரிஞ்சதுக்கு அப்புறம் தெரியாத மாதிரி இருக்க எனக்கு உரிமை இல்லம்மா. நீ ஆமான்னு சொன்னா நான் துறைக்கு எழுதணும். யோசிச்சு சொல்லு" என்றார். நான் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் என்றால், எட்டாவது நாள் அத்தான் என்னை உன் பெயர் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாவது மாடி லிஃப்டை நிறுத்தியாச்சா என்று கேட்டார். நான் விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். நெற்றியைத் தொட்டால் சுட்டது. உதடு வெடித்திருந்தது. நீ மாற்றிப் போட்ட டயப்பரில் நிறம் கடும் டீ மாதிரி இருந்தது, வாடையும் வேறு மாதிரி இருந்தது. நான் கப்பால் அளந்து பார்த்தேன். காலையிலிருந்து இரவு வரை அவர் குடிப்பது மொத்தம் அறுநூற்று ஐம்பது மில்லி. எங்கள் பாடத்தில் ஒன்பதாவது அலகு இதுதான். நீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று வரும். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு வலி தெரியாது, அதனால் தொற்று உள்ளுக்குள்ளேயே ஏறும். ஆள் தடுமாறிப் பேசுவதுதான் சில சமயம் முதல் அறிகுறி.

நீ புண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அது எனக்குப் புரிகிறது. ஆனால் இது இன்னொரு பக்கத்திலிருந்து வரும் அக்கா.

தயவுசெய்து ஒரு யூரின் டெஸ்ட் எடு. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் சரி, டெஸ்ட் மட்டும் எடுத்துவிடு.

பொடிசு


மார்ச் 12

தங்கைக்கு,

உன் கடிதத்தில் அக்கறை எது, பாடம் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவருக்குக் காய்ச்சல் இல்லை. தொட்டுப் பார்த்தேன்.

டெஸ்ட் எடுக்கவில்லை. காரணம் கேட்பாய், சொல்கிறேன். எடுத்து அதில் ஏதாவது வந்தால் அந்தக் காகிதமும் ஃபைலுக்குள் போகும். பத்தொன்பதாம் தேதி அதை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டி, பாருங்கள், உங்களால் முடியவில்லை என்பார்கள். அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு வாரம் போகட்டும். பத்தொன்பது கழியட்டும். அப்புறம் நானே எடுக்கிறேன்.

சலவைக்கூடத்தில் விஷயம் பரவிவிட்டது. எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் மருமகள் எங்கள் இஸ்திரிப் பிரிவில் இருக்கிறாள், போதாதா? நேற்று விரிப்பை இரண்டு பேராக மடிக்கும்போது என் எதிரே நின்றவள் முகத்தையே பார்க்காமல் மடித்தாள். விரிப்பின் இரண்டு முனையையும் கொண்டுவந்து என் கையில் கொடுக்கிற நேரத்தில்கூடப் பார்க்கவில்லை. சூப்பர்வைசர் மட்டும் கூப்பிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். இல்லை என்றேன்.

அத்தானுக்கு உன் மேல் கோபமே இல்லை. எனக்கு அதுதான் எரிச்சல். "சின்னப் பொண்ணு, பார்த்ததை எழுதியிருக்கு" என்கிறார்.

சரி, பார்த்ததை எழுதினாய். நான் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒன்று முதல் ஆறரை வரை நான் இல்லாத நேரம் பூராவும் நீ அந்த அறையில் இருந்தாய். பாட்டில் மேசை மேல் இருந்தது. அவர் கைக்குத்தான் எட்டாது. உனக்கு இரண்டு கையும் நன்றாகத்தானே இருக்கிறது? எட்டு மணிக்கு இத்தனை மில்லி, பத்து மணிக்கு இத்தனை மில்லி என்று அளந்து அளந்து எழுதினாயே, நடுவில் ஒரு தம்ளர் ஊற்றிக் கொடுக்க உனக்குத் தோன்றவில்லையா?

அதற்குப் பதில் எழுது. பாடம் எழுதாதே.

அக்கா


மார்ச் 15

அக்கா,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

கொடுத்தேன். முதல் இரண்டு நாளும் கொடுத்தேன். நீ கிளம்பிப் போனதும் பாட்டிலை எடுத்துப் போய் நீட்டினேன். அத்தான் இடது கையால் வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. மறுபடி மூன்று மணிக்குக் கொடுத்தேன். நாலரைக்கெல்லாம் விரிப்பு வரை நனைந்துவிட்டது. நான் மாற்றுகிறேன் அத்தான் என்றேன். பள்ளிக்கூடத்தில் பொம்மை மேல் நூறு தடவை மாற்றிப் பழகியிருக்கிறேன், டீச்சரே என்னைக் கூப்பிட்டு மற்றவர்களுக்குச் செய்துகாட்டச் சொல்வார். அத்தான் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் கையுறையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பிறகு கழற்றிவிட்டேன்.

நீ ஆறரைக்கு வந்து பார்த்தாய். தோல் சிவந்திருந்தது. எல்லாவற்றையும் மாற்றினாய், விரிப்பை அலசினாய். அப்புறம் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாய். தண்ணீர் விழுகிற சத்தத்தில் எங்களுக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாய். கேட்டது. அத்தானுக்கும் கேட்டது. இரண்டாவது நாளும் அப்படியே நடந்தது. எதனால் நனைந்தது என்று உனக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மூன்றாவது நாள் நான் பாட்டிலை நீட்டினால் தலையை ஆட்டிவிட்டார். "வேண்டாம். உங்கக்கா இன்னைக்கும் உள்ள போய் அழக் கூடாது" என்றார்.

அதற்குமேல் எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. உன்னிடம் சொல்லலாம் என்றால் நீ எப்போதும் ஓடிக்கொண்டே இருந்தாய். சொல்ல முடியாததை நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அதுவும் முழுசாக எழுதவில்லை. அந்த இரண்டு நாளையும் விட்டுவிட்டேன். கவனிப்பவர் எதிலும் தலையிடக் கூடாது என்று அசைன்மென்ட் தாளில் முதல் வரியிலேயே போட்டிருந்தது. தலையிட்டேன் என்று தெரிந்தால் மதிப்பெண் குறையும் அக்கா. அதனால்தான் விட்டேன். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

நேற்று டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இதையும் எழுதி அனுப்ப வேண்டும் என்றேன். இப்போது எழுதினால் வீட்டு ஆளைக் காப்பாற்ற எழுதின மாதிரிதான் இருக்கும், இருந்தாலும் எழுது, அனுப்புகிறேன் என்றார். பத்தொன்பதாம் தேதிக்குள் போய்ச் சேருமா என்று தெரியவில்லை.

அக்கா, பாட்டிலைத் தள்ளி வைக்கச் சொன்னது அத்தானா? மூன்றாவது நாளிலிருந்து எனக்கு அந்தச் சந்தேகம் இருக்கிறது. அவர்தான் சொன்னார் என்றால் அதைப் பத்தொன்பதாம் தேதி சொல்லிவிடு.

டெஸ்ட் எடுத்துவிட்டாய் என்று ஒரு வரி எழுது.

பொடிசு


மார்ச் 20

பொடிசு,

இதை ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். வார்டு வராந்தாவில் ஒரு பெஞ்சு கிடைத்திருக்கிறது. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், வரிசை கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். போனில் பேசலாம்தான். பேசினால் என்னால் முடியாது.

நேற்று காலை பத்து மணிக்கு வந்தார்கள். என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவரிடம் தனியாகப் பேசினார்கள். நாற்பது நிமிஷம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். படியேறிப் போகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டு வழிவிட்டு உட்கார்ந்தேன். உள்ளே அவர் ஒரு தடவை சிரிக்கிற சத்தம் கேட்டது. என்னைப் பற்றி என்ன சொல்லிச் சிரிக்கிறாரோ என்று இருந்தது.

பிறகு கூப்பிட்டார்கள். அதிகாரியம்மா அவரைப் பார்த்து, சொன்னதை இவர் முன்னாலேயும் சொல்லுங்கள் என்றார்கள்.

"பாட்டிலைத் தள்ளி வைக்கச் சொன்னது நான்தான் மேடம். இவ முதல்ல மாட்டேன்னா. நான்தான் அடம்பிடிச்சேன்" என்றார்.

நீ கேட்டதற்கு இதுதான் பதில். அவர்தான் சொன்னார், போன வருடம் புண் ஆறின வாரத்தில். பொய் இல்லை. ஆனால் அது முழுசும் இல்லை. மிச்சத்தை அவர் அங்கே சொல்லவில்லை. இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு வேலை கிடையாது. சமையல் முடித்து, துணி காயப்போட்டு, நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். "கொஞ்சம் தண்ணி குடேன்" என்றார். நான் "பொறுங்க" என்றேன். எதற்குப் பொறுக்க வேண்டும்? நான் எங்கேயும் போகவில்லை. எழுந்து நாலு எட்டு வைத்தால் மேசை. மறுபடி எழுந்து மாற்ற வேண்டுமே என்று நினைத்தேன், அவ்வளவுதான். அவர் இரண்டாவது தடவை கேட்கவில்லை. நான் இரவுச் சாப்பாட்டோடுதான் கொடுத்தேன். முதலில் அவர் கேட்டதற்காகச் செய்தேன். எந்த நாளிலிருந்து எனக்காகச் செய்ய ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ எழுதினது பொய் என்று நிரூபிக்க வேண்டும் என்று இந்த இரண்டு வாரமும் மனசுக்குள் பேசிக்கொண்டே இருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து குறுக்கே நிற்கிறது.

இதற்கு நடுவில் அந்த ஆண் நர்ஸ் காய்ச்சல் பார்த்தார். நூற்றி மூன்று. நான் காலையில் தொட்டுப் பார்த்தேன் என்று சொன்னேன். அவர் வண்டிக்கு போன் போட்டார். நாலு பேர் சேர்ந்து மாடிப்படியில் இறக்கினார்கள். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. முப்பது கட்டடத்துக்கு லிஃப்ட் மாட்டின மனுஷன், நாற்காலியில் கட்டிப் படிப்படியாக இறங்கினார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

சிறுநீரகம் வரை தொற்று ஏறிவிட்டது என்கிறார்கள். டிரிப்ஸ் போகிறது. நேற்று மாலையிலிருந்து என்னை அடையாளம் தெரியவில்லை. ஒரு வாரத்துக்கு முன்னால் டெஸ்ட் எடுத்திருந்தால் மாத்திரையோடு போயிருக்குமா என்று டாக்டரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. நீதான் சொல். டாக்டர் வேகமாகப் பேசுகிறார், பாதி புரியவில்லை. நான் என்ன கேட்க வேண்டும்? எதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? உன் பாடத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதை அப்படியே எழுது.

அக்கா


மார்ச் 22

அக்கா,

கடிதம் வந்ததும் வார்டன் அறையிலிருந்து வார்டுக்கே போன் போட்டேன். நர்ஸ், காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை, இரத்த அழுத்தம் பரவாயில்லை, இன்னும் ஒரு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார். நீ வெளியே தேநீர் வாங்கப் போயிருந்தாயாம். சாப்பிட்டாயா என்று கேட்கச் சொன்னேன். கேட்டாரா?

டாக்டரிடம் கேட்க வேண்டியது: எந்தக் கிருமி என்று பார்க்க சாம்பிள் அனுப்பியிருக்கிறார்களா, முடிவு எப்போது வரும், அதற்குப் பிறகு மருந்தை மாற்றுவார்களா. எழுதி வைத்துக்கொண்டு படித்தே கேள். அவர் வேகமாகச் சொன்னால், மறுபடி சொல்லுங்கள் என்று சொல்லலாம், அதில் தப்பே இல்லை. நீ பார்க்க வேண்டியது: கட்டிலில் தொங்கும் சிறுநீர்ப் பையில் எவ்வளவு சேர்கிறது, என்ன நிறம். குறைந்துகொண்டே போனாலோ, கைகால் சில்லிட்டாலோ, மூச்சு வேகமானாலோ உடனே நர்ஸைக் கூப்பிடு. இரண்டு மணிக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைக்கச் சொல். அதை நீதான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கும்.

ஒரு வாரம் முன்னால் எடுத்திருந்தால் என்று கேட்டாய். மாத்திரையோடு போயிருக்கலாம் அக்கா. உனக்குப் பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் பிப்ரவரியில் நெற்றி சுட்ட அன்றைக்கே நான் உன்னை உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் அதுவும்தான். நான் ஹாஸ்டலுக்குத் திரும்பி, எழுதி, நல்ல தாளில் படி எடுத்து, அட்டை போட்டுக் கொடுத்தேன். அதற்கே பன்னிரண்டு நாள் போனது.

ஞாயிற்றுக்கிழமை பற்றி நீ எழுதினதை டீச்சரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் எங்கள் விதி. வகுப்பில் டீச்சர் எதிரே உட்கார்ந்திருக்கவே முடியவில்லை, நேற்று தலைவலி என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். எத்தனை நாள் இப்படிச் சொல்லாமல் இருக்க முடியும் என்று தெரியவில்லை. என் வாயால் அதைச் சொல்ல வைக்காதே அக்கா.

லீவு கேட்டேன். பாதுகாவலர் கையெழுத்து இல்லாமல் வார்டன் விடமாட்டேன் என்கிறார். என் பாதுகாவலர் நீதான். ஃபாரத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தாலாவது போதும்.

பொடிசு


மார்ச் 27

பொடிசு,

நீ போன் போட்ட மறுநாள் காய்ச்சல் இறங்கியது. நேற்று என்னைப் பார்த்து, ஏன் தலை வாராமல் இருக்கிறாய் என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி போதும் எனக்கு. போய் வாரிக்கொண்டு வந்தேன்.

நீ எழுதிக் கொடுத்ததைப் படித்தே கேட்டேன். டாக்டர் நின்று பதில் சொன்னார். மருந்தை மாற்றினார்கள். சாப்பிட்டாயா என்று நர்ஸ் கேட்டாள், சாப்பிட்டேன்.

இங்கே ஒரு வார்டு உதவியாளர் இருக்கிறார். ஐம்பது வயசு இருக்கும், பெருத்த உடம்பு, ஓயாமல் கிரிக்கெட் பேசுகிறார். இரண்டாவது நாள் அத்தானுக்கு நினைவு தப்பியிருந்தபோது இவர்தான் துடைத்து மாற்றினார். நினைவு வந்த பிறகும் யாரையும் கேட்காமல் வந்து திரையை இழுத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். உள்ளே சண்டை வரும் என்று பார்த்தால், யார் மோசமான அம்பயர் என்று சண்டை நடக்கிறது. இரண்டு வருடமாக நான் கெஞ்சி நடக்காதது அது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கூடவே என்னவோ ஆத்திரமாகவும் இருந்தது. அதை விளக்கத் தெரியவில்லை.

அதிகாரியம்மா வெள்ளிக்கிழமை வந்தார்கள். நீ அனுப்பின இரண்டாவது காகிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அத்தான் சொன்னதும் உன் காகிதமும் ஒத்துப்போகின்றன, அதனால் அவரே கேட்டுக்கொண்டது என்று எழுதி முடித்துவிடலாம் என்றார்கள். நான் சரி என்றிருந்தால் அத்தோடு போயிருக்கும். அந்த அம்மா பேனாவை மூடிக்கூட வைத்துவிட்டார்கள்.

"ஒரு ஞாயித்துக்கிழமை அவர் கேட்டும் நான் கொடுக்கலை மேடம்" என்று சொன்னேன்.

பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உனக்காகச் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அவர் எனக்காகப் பாதியை மறைத்துவிட்டு அந்தப் படுக்கையில் கிடந்தார், என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

அதனால் ஃபைலில் என் பெயருக்கு எதிரே கவனக்குறைவு என்று இருக்கும். அழிக்க மாட்டார்கள். கையெழுத்துப் போட்டேன். ஆறு மாதம் மாதாமாதம் வந்து பார்ப்பார்கள். வெளியே பூட்டக் கூடாது. அவர் வீட்டுக்கு வரலாம். மதியமும் நாலு மணிக்கும் துறையின் பராமரிப்பு மையத்திலிருந்து ஒரு ஆள் வந்து தண்ணீர் கொடுத்து மாற்றிவிட்டுப் போவார். ஆண் ஆள்தான். இதெல்லாம் கேட்டால் கிடைக்கும் என்று இரண்டு வருடமாக எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் என்னால் முடியவில்லை என்று ஆகிவிடுமே.

உன் மேல் கோபம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். நீ எழுதாமல் இருந்திருந்தால் அவர் இருந்திருக்க மாட்டார். தெரிகிறது. கோபமும் இருக்கிறது.

லீவு ஃபாரத்தில் கையெழுத்துப் போடவில்லை. முப்பதாம் தேதி உனக்குச் செய்முறைத் தேர்வு என்று வார்டன் சொன்னார். போய் ஒழுங்காகச் செய்.

அக்கா


ஏப்ரல் 1

அன்புள்ள அக்கா,

தேர்வு முடிந்தது. ஒரு நடிகரைப் படுக்க வைத்து, கோபக்கார நோயாளி மாதிரி நடிக்கச் சொல்லியிருந்தார்கள். அவருக்குப் பக்கம் மாற்ற வேண்டும். மற்றவர்கள் சமாதானம் சொல்லிக்கொண்டே திருப்பிவிட்டார்கள். நான், இப்போது திருப்பலாமா, இல்லை பத்து நிமிஷம் கழித்து வரட்டுமா என்று கேட்டேன். அவர் கழித்து வா என்றார். வெளியே போய் நின்றேன். நேரம் முடிந்துவிட்டது. தேர்வாளர் என்ன மதிப்பெண் போட்டார் என்று தெரியவில்லை.

நீ அதிகாரியிடம் சொன்னதைப் படித்தபோது கழிப்பறையில் போய் அழுதேன். குழாயைத் திறந்துவிடவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். என் அறிக்கை இறுதி மதிப்பெண்ணுக்காக வெளித் தேர்வாளருக்குப் போக வேண்டும். நாற்பது மதிப்பெண் அதற்குத்தான். அந்த இரண்டு நாளையும், நான் கொடுத்த தண்ணீரையும், நான் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து மறுபடி எழுதியிருக்கிறேன். அதன் படியை இதோடு அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை அதில் இல்லை, அது என்னுடையது இல்லை. முதல் தடவை எழுதும்போது உங்கள் இரண்டு பேரிடமும் கேட்கவே இல்லை. எதை எழுதப்போகிறேன் என்று சொல்லாமல் வெறும் அசைன்மென்ட் என்றேன். சம்மதம் என்பது பாடத்தில் இரண்டாவது அலகு. நான் அதில் முழு மதிப்பெண் வாங்கினவள்.

இப்போது கேட்கிறேன். இதை அனுப்பலாமா? இரண்டு பேரும் சரி என்றால்தான் அனுப்புவேன். பதில் எதுவானாலும் சரி.

பொடிசு


ஏப்ரல் 7

பொடிசு,

அத்தான் வீட்டுக்கு வந்துவிட்டார். உன் அறிக்கையை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னார். ஒன்று, எடை அறுபத்தெட்டு என்று போட்டிருக்கிறாய், எழுபத்தொன்றாம். இரண்டாவது, சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார் என்று எழுதியிருக்கிற இடம். அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, நன்றாகத்தான் எழுதுகிறாள், அனுப்பட்டும் என்றார்.

நான் வேண்டாம் என்கிறேன்.

நீ எழுதினதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் குளியலறையில் நான் அழுததை யாரோ ஒரு தேர்வாளர் மேசையில் வைத்து, பேனாவால் டிக் போட்டு, ஐந்துக்கு நாலு என்று போடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பெயர் இல்லை என்பாய். எனக்குத் தெரியுமே. நாற்பது மதிப்பெண் போகும் என்று தெரிந்துதான் சொல்கிறேன். நீ கேட்டாய், நான் பதில் சொல்லிவிட்டேன். அதற்காக என் மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை, ஒரு கடிதம் முழுக்கத் திட்டி எழுது. அவ்வளவு கடன் உனக்கு நான் பட்டிருக்கிறேன்.

லீவு பன்னிரண்டாம் தேதி ஆரம்பம் என்று வார்டன் சொன்னார். வா. வந்து தூங்கு, சாப்பிடு, அவரோடு சண்டை போடு. பஸ் எத்தனை மணிக்கு என்று எழுது.

நேற்றிலிருந்து மையத்து ஆள் வருகிறார். சைக்கிளில் வருகிறார், முப்பது வயசு இருக்கும். அதனால் மதியம் நான் வீட்டுக்கு ஓட வேண்டியதில்லை. நேற்று சலவைக்கூடத்தில் மணி அடித்ததும் எல்லாரும் சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்தார்கள். விரிப்பு மடிக்கும்போது முகம் பார்க்காத அந்தப் பெண், வா, இங்கே உட்கார் என்று நகர்ந்து இடம் விட்டாள். வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். கால் தானாகப் போகிறது, என்ன செய்ய?

எங்கள் வாசலை ஒட்டின தெருமுனை மருந்துக்கடை ஓரமாக நின்று பார்த்தேன். அந்தப் பையன் சைக்கிளைப் பூட்டினான், பையை எடுத்தான், படியேறினான். கொஞ்ச நேரத்தில் அத்தான் குரல் கேட்டது. ஏதோ கோபமாகச் சொன்னார். அவனும் ஏதோ பதில் சொன்னான். நான் ஓடிப்போய் முதல் படியில் காலை வைத்துவிட்டேன். மேலே அமைதியாக இருந்தது. பிறகு குழாய்ச் சத்தம், பாத்திரம் வைக்கிற சத்தம். காலை எடுத்துவிட்டுக் கடை ஓரத்துக்கே வந்தேன்.

வேலைக்குத் திரும்ப இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. எங்கே போவது என்று தெரியவில்லை. மருந்துக்கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். உட்கார்ந்தேன்.

அக்கா